தண்டு ஆட்டம்

தண்டு ஆட்டம் என்பது ஊர்தியின் கியர்ப்பெட்டியிலுள்ள தண்டு தன் இடத்திலிருந்து விலகி அசைதல் ஆகும். நீளவாக்கில் அசைவது அச்சுவழி ஆட்டம். குறுக்குவாக்கில் அசைவது ஆரவழி ஆட்டம் எனப்படும். அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டினால் இரைச்சல் எழும். ஓட்டத்தின்போது கியர் தானே நழுவும்.

பெட்டியைப் புதுப்பிக்கும்போது டயல் கேஜைத் தண்டின் முனையிலும் பக்கத்திலும் வைத்து, இரு அசைவுகளும் தனித்தனியே அளக்கப்பட்டுத் தயாரிப்பாளர் தந்த அளவோடு ஒப்பிடப்படுகின்றன. அச்சுவழி ஆட்டத்தை உரிய தடிமனுள்ள சிம் தகடுகளால் குறைக்கலாம். ஆரவழி ஆட்டம் மிகுந்திருந்தால் தேய்ந்த பேரிங்கை மாற்ற வேண்டும்.

இராமேசுவரம் தீவிலுள்ள தனுஷ்கோடிக்கு 2017 இல் சாலை திறக்கப்படும்வரை வேன்கள் மணலிலும் கடல்நீரிலும் சென்றன. இவ்வாறு ஓடும் ஊர்தியின் கியர்ப்பெட்டியில் உப்புநீர் புகுந்தால் பேரிங்கு அரிக்கப்பட்டு ஆட்டம் மிகும். அந்நிலையில் சிம் மட்டும் சேர்த்தால் பழுது விரைவில் திரும்பும்.