வந்தாரை வாழவைத்த நாடும், நாட்டை வாழவைத்த வந்தாரும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

ஒரு நாட்டின் முகம் எது என்று கேட்டால், நாம் உடனே அதன் கொடியையும் மொழியையும் அங்கே பெரும்பான்மையாக வாழும் மக்களையும் நினைக்கிறோம். ஒரே இனம், ஒரே மொழி, ஒரே சமயம் இருந்தால்தான் ஒரு நாடு உறுதியாக நிற்கும் என்று எண்ணுவோரும் உண்டு. கடல் கடந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் கூடி ஒரு நாட்டை உருவாக்க முடியுமா? எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு கூட்டத்தார் அந்நாடு முழுவதற்கும் ஓர் அடையாளத்தைத் தர முடியுமா? முடியும் என்பதற்குச் சிங்கப்பூர் ஒரு சான்றாக விளங்குகிறது.

1819ஆம் ஆண்டு சர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் அத்தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிக நிலையத்தை அமைத்தார். அப்போது மலாய் மக்கள், கடலோடிகள், சில சீனத் தோட்டக்காரர்கள் என ஏறத்தாழ ஆயிரம் பேரே அங்கு இருந்தனர். பின்னர் சீனம், ஜாவா, சுமத்ரா, அரேபியா, நம் தமிழகம் எனப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே சீனர் நூற்றுக்கு 74 பேர்; மலாய் மக்கள் 13 அல்லது 14 பேர்; இந்தியர் 9 பேர். இந்தியருள் பெரும்பாலோர் தமிழரே.

வந்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? கரை சேர்த்த கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். இதனைத் தெலுக் ஆயர் தெருவில் இன்றும் காணலாம். இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் இத்தெரு, ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. 1880களில் கடலை மண்ணிட்டு நிரப்பியதால் கரை விலகிப் போயிற்று. இங்கே ஃபுஜியன் மாநிலத்திலிருந்து வந்த சீனர்கள், கடலில் செல்வோரைக் காக்கும் தெய்வமாகிய மாசு அம்மனுக்கு 1839 முதல் 1842 வரை ஒரு கோயில் எழுப்பினார்கள். அதற்கு அருகிலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830க்குள் நாகூர் ஆண்டவர் நினைவாக ஒரு தர்காவைக் கட்டினார்கள். அதே தெருவில் அவர்கள் கட்டிய மற்றொரு பள்ளிவாசலுக்குக் 'குச்சுப் பள்ளி' என்று பெயர். முதலில் அது ஒரு சிறு குடிசையாக இருந்ததனால் வந்த பெயர் அது. அயல்நாட்டுத் தெருவில் நம் வீட்டுச் சொல் ஒன்று நிலைத்துவிட்டதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது அல்லவா?

இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. ராஃபிள்சுடன் 1819ஆம் ஆண்டிலேயே பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். அவர் செங்கற்சூளை வைத்துப் பொருள் ஈட்டினார். 1827ஆம் ஆண்டு மாரியம்மனுக்கு ஒரு கோயில் அமைத்தார். மரத்தாலும் கூரையாலும் ஆன அச்சிறு கோயில் பின்னர்ச் செங்கற் கட்டடமாக வளர்ந்தது. இன்று அது நிற்கும் இடம் சீனர்கள் மிகுந்து வாழ்ந்த 'சைனாடவுன்' பகுதி! கோயிலின் கோபுரத்தைக் கண்டே பக்கத்துத் தெருவுக்குப் 'பகோடா தெரு' என்று பெயர் வந்தது. சற்றுத் தள்ளித் தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல் இருப்பதால் மற்றொரு தெரு 'மாஸ்க் தெரு' ஆயிற்று. சீனர் குடியிருந்த தெருக்களுக்குத் தமிழர் கட்டிய கோயிலும் பள்ளிவாசலும் பெயர் கொடுத்தன. சிறுபான்மையினர் கட்டிய ஒன்று எல்லார்க்கும் வழிகாட்டும் குறியாக மாறியது இப்படித்தான்.

விரும்பி வந்தவர்களே அன்றி, விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கைதிகள் பலர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சாலை போட்டார்கள், காடு திருத்தினார்கள். புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியவர்களும் அவர்களே. அதன் உட்சுவர்களுக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணம்'. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்து, காய்ந்தபின் பளபளக்கும்படி தேய்த்தார்களாம். நம் ஊர்க் கொத்தர்களின் கைப்பக்குவம் இது. கட்டியவர்களின் பெயர்கள் அச்சுவர்களில் இல்லை. ஆனால் அவர்களது உழைப்பு இன்னும் அங்கே இருக்கிறது.

இனி, மிகச் சிறிய கூட்டத்தாரைப் பார்ப்போம். சிங்கப்பூரில் ஆர்மீனியர்கள் எக்காலத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களாகவே இருந்தனர். எனினும் அங்குள்ள கிறிஸ்தவ ஆலயங்களுள் மிகப் பழமையானது அவர்கள் 1835ஆம் ஆண்டில் கட்டிய புனித கிரகோரியார் ஆலயமே. அக்குலத்தில் பிறந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் பெண்மணி தம் தோட்டத்தில் இருவேறு ஆர்கிட் செடிகளை இணைத்து ஒரு புதிய மலரை உருவாக்கினார். 1893ஆம் ஆண்டு அம்மலர் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. தாய்ச் செடிகளுள் ஒன்று மலாய் மண்ணுக்கு உரியது. மற்றொன்று பர்மா முதலிய நாடுகளில் வளர்வது. 1981ஆம் ஆண்டு அந்த மலரே சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று! அம்மையாரின் கல்லறை அந்த ஆலய வளாகத்திலேயே உள்ளது. இரு நாட்டுச் செடிகள் கலந்து பிறந்த மலரைவிட அந்நாட்டுக்குப் பொருத்தமான சின்னம் வேறு எது?

நம் போன்ற மாணவியர் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. 1854ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கன்னியர் சிலர் சிங்கப்பூர் வந்து பெண்களுக்குப் பள்ளியும் அநாதை இல்லமும் தொடங்கினர். வறுமையாலும் மூடநம்பிக்கையாலும் கைவிடப்பட்ட பெண் குழந்தைகள் அந்த மடத்தின் பக்கவாசலில் விட்டுச் செல்லப்பட்டனர். அதனால் அதற்கு 'நம்பிக்கை வாசல்' என்று பெயர் ஏற்பட்டது. அக்குழந்தைகள் எந்த இனத்தவர் என்று கன்னியர் கேட்கவில்லை. 1983ஆம் ஆண்டு பள்ளி வேறிடத்துக்கு மாறியது. பழைய கட்டடம் பாதுகாக்கப்பட்டுள்ளது. ஆனால் இன்று அங்கே உணவகங்களும் கடைகளும் இருக்கின்றன. கட்டடத்தைக் காப்பது மட்டும் போதாது, அங்கே நடந்ததையும் சொல்லிவைக்க வேண்டும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

இவ்வளவும் படிக்கும்போது, பல இனத்தாரும் எப்போதும் ஒற்றுமையாகவே வாழ்ந்தனர் என்று தோன்றலாம். அது உண்மையன்று. 1964ஆம் ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் சீனர்க்கும் மலாய் மக்களுக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டு, 36 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. பக்கத்து வீட்டாரைக் கண்டு அஞ்சிய மக்களை வைத்து ஒரு நாட்டை எவ்வாறு அமைப்பது? இதுவே அன்று அவர்கள் முன் நின்ற கேள்வி.

பெரும்பான்மையோரின் மொழியையே அனைவர்மீதும் சுமத்தியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகளாயின. நாட்டுப்பண்ணோ மலாய் மொழியில் உள்ளது. அதனை இயற்றிய ஜுபிர் சையது சுமத்ராவில் பிறந்து 1928ஆம் ஆண்டு பிழைப்புத் தேடி வந்தவர். மாணவர்கள் எடுக்கும் தேசிய உறுதிமொழியை 1966ஆம் ஆண்டு வரைந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் எஸ். ராஜரத்தினம். பாட்டைத் தந்தவர், உறுதிமொழியைத் தந்தவர், மலரைத் தந்தவர் மூவரும் சிறுபான்மையினரே!

நல்லெண்ணத்தோடு சட்டமும் துணை நின்றது. மக்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்கு வீடுகளில் வாழ்கின்றனர். ஓரினத்தார் மட்டும் ஓரிடத்தில் கூடிவிடாதபடி, ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒவ்வோர் இனத்துக்கும் 1989ஆம் ஆண்டு முதல் ஓர் அளவு வைத்துள்ளனர். விரும்பியவர்க்கு வீட்டை விற்க இயலாத தொல்லை இதனால் உண்டு என்பது உண்மைதான். ஆனால் வெவ்வேறு இனத்துக் குழந்தைகள் ஒரே மாடிப்படியில் விளையாடுகிறார்கள். கலவரம் மூண்ட ஜூலை 21ஆம் நாளைப் பள்ளிகளில் 1997ஆம் ஆண்டு முதல் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். துயரத்தை மறைக்காமல் அதையே பாடமாக்கியது எவ்வளவு சிறந்த செயல்!

இன்றும் கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் நம்மவர் அங்கே செல்கின்றனர். என் வகுப்பிலேயே தந்தை அங்குக் கட்டட வேலை செய்யும் தோழியர் இருவர் உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது, விடுதிகளில் நெருக்கமாகத் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களே அங்கு மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். அன்று பேராலயம் கட்டிய கைதிகளைப் போலவே, இன்று வானுயர் மாடிகளைக் கட்டும் இவர்களின் பெயர்களும் சுவர்களில் இல்லை. வந்தவர்களால் உருவான நாடு, இப்போது வருகிறவர்களை எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டே அதன் பெருமையை இனி உலகம் அளக்கும்.

இந்தக் கேள்வி நமக்கும் உரியதே. சென்னையில் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. 1772ஆம் ஆண்டு கட்டிய அவர்களது ஆலயமும் இருக்கிறது. அங்கு வழிபட்ட மக்கள்தாம் இல்லை. நம் ஊரிலும் இத்தகைய பெயர்கள் இல்லாமலா போகும்? தோழியரே, இந்த விடுமுறையில் உங்கள் தெருவின் பெயர் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நம் ஊருக்குப் பிழைக்க வந்து, சாலையோரத்திலும் கட்டட வேலையிலும் நிற்கும் வெளிமாநிலத்தவரின் பெயரையும் ஒருமுறை கேளுங்கள். அவர்களும் நம் நாட்டைக் கட்டுகிறவர்கள்தாமே!