பிறமுறை வட்டும் படிக்கும் நெறியும்

1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்தில் ஒப்பமிட்டனர் என்பது கற்றோர் அறிந்ததே. சிங்கள எழுத்து மட்டும் அறிந்தாருக்கு அவ்வொப்பங்கள் வெறுங் கோடுகளே. தாளிற் குறையில்லை; படிக்கும் முறைதான் இல்லை.

கணினி வட்டின் நிலையும் இஃதே. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் மரபைப் பின்பற்றியவை ஃபிரீபிஎஸ்டியும் லினக்ஸும். கட்டளைகள் பெரிதும் ஒத்தவை; கோப்புகளை வட்டில் அடுக்கும் முறையோ வேறு. முன்னதில் யுஎஃப்எஸ் என்பது நெடுநாள் வழக்கு. பின்னதில் எக்ஸ்ட்4 என்பது பெருவழக்கு.

பேராதனையில் ஆய்வாளர் ஒருவர், பல்லாண்டு மழையளவுக் குறிப்புகள் அடங்கிய பழைய ஃபிரீபிஎஸ்டி வட்டை லினக்ஸ் கணினியில் இணைக்கிறார் எனக் கொள்வோம். மவுண்ட் கட்டளையில் யுஎஃப்எஸ் என்று மட்டும் கூறினாற் போதாது; யுஎஃப்எஸ்2 என வகையையும் சுட்டல் வேண்டும். சுட்டாவிடின் லினக்ஸ் அதனைப் பழைய வகையெனக் கொண்டு திறக்க மறுக்கும்.

இன்னொன்று இன்றியமையாதது: 'படிக்க மட்டும்' என விதித்தல். யுஎஃப்எஸ் வட்டில் லினக்ஸ் வழி எழுதுவது ஆபத்தானதென அவ்வசதியை ஆக்கியோரே எச்சரித்துள்ளனர். அடுக்குமுறை பிறழ்ந்தால் ஆண்டுகளின் உழைப்பு ஒரு நொடியில் அழியும். ஆகவே, முதலிற் படித்துப் படியெடுத்துக்கொள்க. எழுதுவதெல்லாம் அப்படியிலேயே நிகழட்டும்.

பிறர் ஏட்டைத் திறப்போர் முதலிற் கற்கவேண்டிய பணிவு இதுவே.