கண் பார்த்ததும் கட்டளை பார்ப்பதும்

2005 வாக்கில் மலேசியாவின் ஈப்போவில், சிலிபினில் எங்களைப் போன்ற சிறு அலுவலகம் ஓர் இணையத்தளத்தைச் செய்து முடித்தால், அதைச் சரிபார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும். தாளின் இடப்பக்கம் பக்கங்களின் பெயர்கள், மேலே உலாவிகளின் பெயர்கள். எக்ஸ்பி கணினியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, கூடவே அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த ஃபயர்ஃபாக்ஸ். ஒருவர் உட்கார்ந்து ஒவ்வோர் இணைப்பையும் சொடுக்கி, படிவத்தை நிரப்பி, கட்டத்தில் சரி போடுவார். தமிழ்ப் பக்கமானால் வேலை கூடும். எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைக்கான கோப்புகளைத் தனியே நிறுவியிருக்க வேண்டும். இல்லையேல் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். வாடிக்கையாளரின் கணினியில் அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்ததும் உண்டு.

இன்று அதே வேலைக்கு ஒற்றை வரிக் கட்டளை. பிளேரைட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியை நிறுவினால் குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூன்றும் சேர்ந்தே இறங்குகின்றன. சஃபாரியில் எப்படித் தெரியும் என்று அறிய அன்று யாரிடமாவது மேக் கணினியை இரவல் கேட்டோம். இன்று அதன் அடிப்படையான வெப்கிட்டைச் சாதாரண விண்டோஸ் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் இடையில் ஒரு நீண்ட காலம் இருந்தது. 2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் நேர, செலவுக் கணக்குத் தளத்தைச் சோதிக்க ஜேசன் ஹக்கின்ஸ் எழுதிய நிரல்தான் செலினியமாக வளர்ந்தது. அது எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தபோது, நிறுவுவதே தனி வேலையாக இருந்தது. ஜாவா வேண்டும், உலாவிக்கு ஏற்ற டிரைவர் வேண்டும். குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். டிரைவர் பழையதாகவே கிடக்கும். நேற்று மாலை ஓடிய சோதனை எல்லாம் காலையில் ஒன்றுவிடாமல் விழும். பொருந்தும் டிரைவரைத் தானே தேடி எடுக்கும் வசதி செலினியத்துக்கு 2022இன் இறுதியில்தான் வந்தது. பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று தெரியாததால் "ஐந்து நொடி பொறு" என்று நிரலில் எழுதி வைப்போம். ஸ்ட்ரீமிக்ஸ் இணைய இணைப்பு மந்தமான நாளில் ஐந்து போதாது. நல்ல நாளில் நான்கு வீண். இன்றைய கருவி பொத்தான் அழுத்தத் தக்க நிலைக்கு வரும்வரை தானே காத்திருக்கிறது.

இதன் அருமை வரி மாறும்போதுதான் தெரியும். 2015 ஏப்ரல் 1 அன்று ஆறு விழுக்காட்டு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது. 2018 ஜூன் 1 முதல் அது பூச்சியம் என்று மே 16 அன்று அறிவித்தார்கள். இடையில் இரண்டே வாரம். செப்டம்பர் 1 அன்று எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி). 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்கு வரி ஆறிலிருந்து எட்டு. அதோடு 2008 முதல் நடப்பில் உள்ள ஐந்து சென் முழுமையாக்கல்: ரொக்கமாகக் கொடுத்தால் 23.47 வெள்ளி 23.45 ஆகும், 23.48 வெள்ளி 23.50 ஆகும், வங்கிவழி கட்டினால் சென்கூட மாறாது. அன்று இந்தக் கூட்டல்களை இரவிரவாக ஆள் மாற்றி ஆள் கால்குலேட்டரோடு உட்கார்ந்து சரிபார்த்தோம். இன்று எதிர்பார்க்கும் தொகைகளை ஓர் அட்டவணையில் மாற்றிவிட்டு ஓட்டினால், தேநீர் ஆறுவதற்குள் விடை வந்துவிடும். அந்த இரவுகளை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் கருவி பார்ப்பதும் கண் பார்ப்பதும் ஒன்றல்ல. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். "கொ" என்பதை ஒருங்குறியில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் கருவி வேறு வேறு என்று சொல்லிச் சோதனையை விழவைக்கும். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். சோதனை ஓடும் லினக்ஸ் கொள்கலனில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால், பக்கம் முழுவதும் வெறும் கட்டங்கள். கருவியோ உள்ளே இருக்கும் உரையைப் படித்துவிட்டு எல்லாம் சரி என்று பச்சை காட்டும். திரைப்பிடிப்பு எடுத்து வைத்து ஒருவர் பார்த்தால்தான் தெரியும்.

அன்று பென்சில் பிடித்துச் சரிபார்த்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். படிப்பை முடித்த கையோடு வந்தவர்கள். சொடுக்கிச் சொடுக்கியே தளத்தின் மூலைமுடுக்கெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியாகும். கேட்காததையும் சொல்வார்கள்: "அண்ணே, இந்த இடத்துல நம்ம அம்மா மாதிரி ஆளுங்க திணறுவாங்க." அந்த வாக்கியத்தை எழுதத் தெரிந்த கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. தொழிலுக்குள் நுழைய அந்தச் சொடுக்கும் வேலை ஒரு வாசலாகவும் இருந்தது. இப்போது வருபவர் முதல் நாளே நிரல் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டியிருக்கிறது. அதனால் வாசல் குறுகிப்போனது என்றே நினைக்கிறேன்.

எனவே புதிதாகச் சேர்பவரிடம் முதல் வாரம் நிரலைக் கொடுப்பதில்லை; கைப்பேசியைக் கொடுத்து, புந்தோங்கிலுள்ள ஒரு கச்சாங் பூத்தே நொறுக்குத்தீனிக் கடைக்கு நாங்கள் செய்த தளத்தில் ஒரு தீபாவளி ஆர்டரை முழுதாகப் போடச் சொல்கிறோம். அண்மையில் சேர்ந்த பெண் அப்படித்தான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மலாய்ப் பக்கத்தில் கச்சிதமாக இருந்த பொத்தான், தமிழ்ப் பக்கத்தில் "கூடையில் சேர்க்கவும்" என்று நீண்டு, அருகிலிருந்த விலையை மறைத்திருந்தது. பொத்தான் அழுந்தியதால் எல்லாச் சோதனைகளும் பச்சை. விலையும் பொத்தானும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது என்ற சோதனையை அவளே எழுதிச் சேர்த்தாள். அன்று மாலை முதல் அதுவும் மற்றவற்றோடு ஓடுகிறது.