கரையில் நிற்போரும் கப்பலில் வருவோரும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், சமயநல்லூரை அடுத்த சிற்றூர்ச் சபை ஒன்றிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டு விருந்தினர் சிலரை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. சபையார் மாலை அணிவித்தனர், சிறுமியர் கும்மியடித்தனர், இளநீர் தந்தனர், விருந்தினர் படங்கள் எடுத்துக்கொண்டனர். முக்கால் மணி நேரத்தில் வேன் புறப்பட ஆயத்தமாயிற்று. அப்பொழுது மூதாட்டி ஒருவர் என்னருகே வந்து, “ஐயா, போன தடவ வந்தவுக எடுத்த படத்த அனுப்பி வைக்கிறோம்னாகளே, வந்துச்சா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. முன்பு வந்தவர்கள் யாவர் என்பதே எனக்குத் தெரியாது. அம்மூதாட்டியோ அவர்களை மறக்கவில்லை.

அக்கேள்வியை மனத்திற் கொண்டு, இன்று உலகில் பெருகிவரும் ஒருவகைப் பயணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறு கப்பல்களில் ஏறித் தொலைவிலுள்ள வெப்பமண்டலத் தீவுகளை அடைந்து, அங்குள்ள சிற்றூர் மக்களின் வாழ்வையும் பண்பாட்டையும் கண்டு மீளும் பயணமே அது. இதனால் ஆயர்க்கும் இறையியல் மாணவர்க்கும் ஆவதென்ன என்று வினவலாம். தீவுகளை நோக்கிச் சென்ற கப்பல்களுள் நற்செய்திப் பணியாளரை ஏற்றிச் சென்றவையும் உண்டு. அவற்றுள் சில நம் கரையிலிருந்தே புறப்பட்டன.

1. சிறு கப்பற் பயணம்

இவ்வகைப் பயணத்திற்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர் சுவீடனிற் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்திய லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர். 1966 இல் அவர் சுற்றுலாப் பயணிகளை அண்டார்க்டிக்காவிற்கு அழைத்துச் சென்றார். 1969 இல் இதற்கெனவே ‘லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர்’ என்னும் கப்பலைக் கட்டுவித்தார். ஏறத்தாழ 100 பயணிகளே செல்லத்தக்க அக்கப்பல் துருவக் கடல்களிலும் வெப்பமண்டலத் தீவுகளிலும் உலவியது. இத்தகைய கப்பல்களுக்குத் துறைமுகம் வேண்டுவதில்லை. கப்பல் ஆழ்கடலில் நிற்க, காற்றடைத்த இரப்பர்ப் படகுகள் பயணிகளைக் கரை சேர்க்கும். உயிரியல் அறிஞரும் மானிடவியல் அறிஞரும் கப்பலிலேயே சொற்பொழிவாற்றுவர். கரையில் ஊரார் நடனமாடி வரவேற்பர். கைவினைப் பொருள்கள் விற்பனையாகும். மாலைக்குள் பயணிகள் கப்பலுக்குத் திரும்பிவிடுவர்.

இப்பயணங்களை முற்றிலும் பழித்தல் நேர்மையன்று. வேறு வருவாய் இல்லாத ஊர்களுக்கு இவற்றால் சிறிது பணம் கிடைக்கிறது. மறைந்துபோகவிருந்த படகு கட்டும் கலையும் பாடல்களும் சில இடங்களில் போற்றப்படுகின்றன. பெருங்கப்பல்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வந்திறங்குவதைக் காட்டிலும் இது அடக்கமானதே. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். பயணிக்கு அது முதல் வருகை. கரையில் நிற்போர்க்கோ அது முதற் கப்பலன்று. முன்வந்த கப்பல்கள் செய்தவற்றின் நினைவோடுதான் அவர்கள் புதிய கப்பலைப் பார்க்கின்றனர்.

2. கரையின் நினைவு

இதனை விளக்கத் திருச்சபை வரலாற்றிலேயே துயரமான சான்று ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலில் மெலனீசியத் தீவுகளுக்குப் பேராயராக 1861 இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஜான் கோல்ரிட்ஜ் பேட்டிசன், ‘தென் சிலுவை’ என்னும் சிறு கப்பலில் தீவு தீவாகச் சென்று பணியாற்றினார். தீவினர் மொழிகளுள் இருபதுக்கும் மேற்பட்டவற்றைக் கற்றவர் அவர். 1871 செப்டம்பர் 20 ஆம் நாள் நுகாப்பு என்னும் தீவில் அவர் கொல்லப்பட்டார். அவருடலைத் தாங்கி மிதந்து வந்த படகில் ஐந்து முடிச்சிட்ட ஓலை ஒன்று காணப்பட்டது. அதற்குச் சிறிது காலத்திற்கு முன்னர், தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கப்பல் ஒன்று அத்தீவினர் ஐவரைக் கடத்திச் சென்றிருந்தது என்றும், அதற்கு ஈடாகவே பேராயர் கொல்லப்பட்டார் என்றும் அவருடன் பணியாற்றியோர் உணர்ந்தனர். ஆள்பிடிக்கும் வணிகர் சிலர் அருட்பணியாளரைப்போல வேடமிட்டு மக்களை ஏமாற்றியதும் உண்டு. கரையில் நின்றவர்களால் ஒரு கப்பலை மற்றொன்றிலிருந்து எவ்வாறு பிரித்தறிய இயலும்?

நம் நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. அந்தமானைச் சேர்ந்த வட சென்டினல் தீவிற்கு 1880 இல் சென்ற ஆங்கிலேய அதிகாரி போர்ட்மன், முதியவர் இருவரையும் சிறுவர் நால்வரையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். முதியவர் இருவரும் நோயுற்று இறந்தனர். சிறுவர்கள் பரிசுப் பொருள்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். 1991 இல் அரசின் மானிடவியலார் குழுவினரிடமிருந்து அத்தீவினர் தேங்காய்களை நேரிற் பெற்றுக்கொண்டனர். எனினும் அத்தகைய சந்திப்புகளும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பெற்றன. வெளியாரின் நோய்களுக்கு அம்மக்களிடம் எதிர்ப்பாற்றல் இல்லை என்பது அதற்கு ஒரு காரணமாகும்.

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்னும் 26 வயது அமெரிக்க இளைஞர், நற்செய்தி அறிவிக்கும் நோக்குடன், மீனவர்க்குப் பணம் கொடுத்து அத்தீவிற்குச் சென்று உயிரிழந்தார். அவருடைய பற்றுறுதியை ஐயுறுவதற்கில்லை. ஆனால் 1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அங்குச் செல்வதைத் தடை செய்திருந்தது. அவரை அழைத்துச் சென்ற ஏழை மீனவர்கள் சிறைப்பட்டனர். 2025 மார்ச்சில் வேறோர் அமெரிக்கர் அதே தீவிற் கரையிறங்கி, தேங்காயையும் குளிர்பானத்தையும் வைத்துவிட்டுத் திரும்பிக் கைதானார். முன்னவரை நற்செய்தி ஆர்வமும் பின்னவரைத் துணிகரப் பயண வேட்கையும் உந்தின. நோக்கங்கள் வெவ்வேறாயினும், கரையில் நின்றோரின் விருப்பத்தை இருவரும் பொருட்படுத்தவில்லை.

3. தரங்கம்பாடியும் நக்கவாரமும்

நிக்கோபார்த் தீவுகளுக்கும் தமிழ்க் கரைக்கும் உள்ள தொடர்பு நெடியது. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கடற்படை வென்ற இடங்களுள் மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகிறது. எனவே தமிழ்க் கல்வெட்டிற் பதிவான நம் வருகை போர்க்கப்பலில் நேர்ந்ததாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்த டேனியர் இத்தீவுகளுக்கு உரிமை கோரினர். அங்குப் பணியாற்றும் நோக்கத்துடன் 1760 இல் தரங்கம்பாடிக்கு வந்த மொராவியச் சகோதரர்கள் 1768 இல் நான்கவுரித் தீவிற் குடியேறினர். கொடிய காய்ச்சலால் அவர்களுள் பதினொருவர் அங்கேயே மடிந்தனர். மேலும் பதின்மூவர் தரங்கம்பாடிக்குத் திரும்பிய சிறிது காலத்திற்குள் இறந்தனர். அவர்களுள் ஒருவராகிய ஹேன்செல், பணிச் செலவிற்காகச் சங்கு, சிப்பி, பாம்பு முதலியவற்றைச் சேகரித்து ஐரோப்பிய ஆர்வலர்க்கு விற்றுவந்தார். 1787 இல் பணி கைவிடப்பட்டது. பத்தொன்பது ஆண்டு உழைப்பிற்குக் கண்ணாரக் கண்ட பயன் அரிது. ஆயினும் அவர்கள் பார்வையாளராக வந்து போனவரல்லர். தீவினர் நீரையே பருகி, அத்தீவின் நோயையே ஏற்று, அதன் மண்ணிலேயே அடக்கமாயினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரில் மூஸ் என்னும் ஊரில் தங்கிப் பள்ளி நடத்தினார். ஆங்கில அரசின் முகவராகவும் அவர் செயற்பட்டமையால் அவருடைய பணியில் அதிகாரத்தின் சாயலும் கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை. அவருடைய மாணவருள் ஒருவர் ஹா செவ் கா; பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் எனப் பெயர் பெற்றவர். இவர் வேதாகமத்தைத் தம் மக்களின் மொழியிற் பெயர்த்தார். சப்பானியர் ஆட்சியிற் கொடுமைக்குள்ளானார். 1950 இல் பேராயராகத் திருநிலை பெற்றார். 1952 இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1978 இல் மறைந்தார். கார் நிக்கோபார் மக்களுட் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். வெளியிலிருந்து வந்தவர் ஆண்டுக்கணக்கில் தங்கினார்; அதன் பின்னர் அவ்வூராரே அப்பணியைத் தமதாக்கிக் கொண்டனர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இத்தீவுகளைச் சூறையாடியது. 2001 இல் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை 2011 இல் 36,842 ஆகக் குறைந்தது. உதவிக் கப்பல்கள் பல வந்தன. காற்றோட்டமான ஓலைக் குடில்களில் வாழ்ந்தவர்க்குத் தகரக் கொட்டகைகள் தரப்பட்டன. நிலமும் தென்னந்தோப்பும் ‘துகேத்’ எனப்படும் கூட்டுக் குடும்பத்திற்கே உரியன என்றிருந்த மக்களுக்கு உதவித் தொகை தனித்தனிக் குடும்பங்களாகப் பிரித்து வழங்கப்பட்டது. கொடுத்தவர் நல்லெண்ணமுடையவரே, ஆயினும் பெறுவோரைக் கேட்டறியாமற் கொடுத்ததனால் கூட்டுவாழ்வு தளர்ந்தது.

இன்று பெரிய நிக்கோபாரில் சரக்குப் பெட்டகத் துறைமுகமும் விமான நிலையமும் நகரியமும் அமைக்கும் பெருந்திட்டத்திற்கு 2022 இல் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. தாம் தந்த இசைவைப் பழங்குடியினர் மன்றம் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. ஆழிப்பேரலையால் இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊர்களுக்குத் திரும்ப விரும்புவதையும் அது எடுத்துரைத்தது. கரையில் நிற்போரின் குரல் இங்கே தெளிவாகவே ஒலித்துள்ளது. அதனைக் கேட்பதும் பிறர் கேட்கச் செய்வதும் திருச்சபையின் கடமையாகும்.

4. மெலித்தாத் தீவின் விருந்தோம்பல்

அப்போஸ்தலர் நடபடிகள் 28 ஆம் அதிகாரம் இப்பொருளில் நமக்கு ஒளி தருகிறது. பவுலும் உடன் சென்றோருமாக 276 பேர் மரக்கலம் உடைந்து மெலித்தாத் தீவிற் கரையேறுகின்றனர். லூக்கா தீவினரைக் குறிக்க வழங்கும் கிரேக்கச் சொல், கிரேக்க மொழி பேசாத அந்நியரைத் தாழ்வாகக் குறித்த சொல்லாகும். ஆனால் அவர்களே மழையிலும் குளிரிலும் தீ மூட்டி அனைவரையும் சேர்த்துக்கொள்கின்றனர். பவுலும் விறகு பொறுக்குகிறார். தீவின் தலைவனாகிய புபிலியு அவர்களை மூன்று நாள் தன் இல்லத்தில் உபசரிக்கிறான். அவன் தகப்பனுக்காகப் பவுல் மன்றாடிக் கைகளை வைக்க, அவர் நலம் பெறுகிறார். மூன்று மாதம் கழித்துப் புறப்படுகையில் தேவையானவற்றை ஏற்றி அனுப்புவோரும் தீவினரே.

பவுல் அங்கு ஆற்றிய அருளுரை எதனையும் லூக்கா பதிவு செய்யவில்லை. அப்போஸ்தலன் அங்கே முதலிற் பெறுகிறவனாகவும் பின்னரே கொடுக்கிறவனாகவும் காட்சியளிக்கிறான். லூக்கா 10 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபதுபேரை அனுப்பும்போதும் இம்முறையையே கற்பிக்கிறார்: ஒரே வீட்டில் தங்குக, அவ்வீட்டார் வைப்பதை உண்க, ஏற்றுக்கொள்ளாத ஊரைவிட்டு அகல்க. அகலுதலும் ஆண்டவரின் கட்டளையே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

5. நம் பணித்தளத்தில்

கப்பற் பயணிகளைக் குறைகூறுமுன் நம்மையே ஆராய்ந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். வார இறுதி ஊழியத்திற்கெனச் சிற்றூர்க்குச் செல்லும் மாணவர் குழுவும், நிதியுதவியாளரை வேனில் ஏற்றிச் சேரிக்கு அழைத்துச் செல்லும் நாமும், இரப்பர்ப் படகிற் கரையிறங்குவோரைப் போன்றே நடந்துகொள்ளக்கூடும். ஆகவே செல்லுமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. நம்மை அழைத்தவர் யார்? நமக்கு முன் வந்தவர்கள் என்ன வாக்களித்தனர்? ஊரார் வேண்டாமெனச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டா? அவர்கள் தருவதை உண்டு, அவர்களிடம் கற்க நாம் ஆயத்தமா? நாம் மீண்டும் வருவோமா?

அம்மூதாட்டிக்கு அன்று விடை தர இயலாத நான், ஊர் திரும்பியதும் பழைய கடிதங்களைத் தேடி முன்பு வந்தோரின் முகவரியைக் கண்டுபிடித்து எழுதினேன். ஆறு மாதம் கழித்துப் படங்கள் வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு, விருந்தினர் எவருமின்றி, பேருந்தில் அவ்வூர்க்குச் சென்றேன். மாலையும் இல்லை, கும்மியும் இல்லை. திண்ணையில் அமரச் சொல்லிக் கேப்பைக் கூழ் கொடுத்தார்கள். நான் அவ்வூர்க்கு உண்மையிற் சென்றது அன்றுதான்.