குடிபெயர்ந்த நாட்டில் மகிழுந்து ஓட்டுதல்

ஒரு நாட்டில் பெற்ற ஓட்டுநர் உரிமம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லுபடியாவதில்லை. மதுரையிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு செல்பவர் அங்கே மகிழுந்து (கார்) ஓட்ட வேண்டுமானால் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு ஆகிய மூன்றும் முறையாக இருக்க வேண்டும். இவை ஒன்றையொன்று சார்ந்தவை. செல்லுபடியாகாத உரிமத்துடன் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவோ, கொடுத்த தொகையை ஓட்டியவரிடமே திரும்பக் கேட்கவோ கூடும்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி

சாலைப் போக்குவரத்து குறித்த 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் அடிப்படையில் இந்தியா பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வழங்குகிறது. இது தனி உரிமம் அன்று. இந்திய உரிமத்தைப் பிற நாட்டுக் காவலர் படித்தறிய உதவும் துணை ஆவணமே ஆகும். எனவே இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

மதுரையில் தெற்கு (டிஎன் 58), வடக்கு (டிஎன் 59), மத்தி (டிஎன் 64) என வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன. செல்லுபடியாகும் இந்திய உரிமம் உள்ளவர் 4ஏ படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அனுமதி ஓராண்டுக்கு, அல்லது இந்திய உரிமம் முடியும் நாள் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை செல்லும். வெளிநாட்டில் இருக்கும்போதே அனுமதி காலாவதியானால், இந்தியத் தூதரகம் வழியாகப் புதிதாக விண்ணப்பிக்க 2021 முதல் வழி செய்யப்பட்டுள்ளது.

குடியேறிய நாட்டின் உரிமம்

பன்னாட்டு அனுமதி முதன்மையாகப் பயணிகளுக்கானது. ஒருவர் அந்நாட்டில் குடியிருப்பவர் ஆனதும் விதி மாறுகிறது.

ஐக்கிய அரபு அமீரகம்: குடியிருப்பு விசா பெற்ற பின் அமீரக உரிமம் தேவை. இந்திய உரிமம் நேரடியாக மாற்றித் தரப்படும் பட்டியலில் இல்லாததால், தேர்வுகளில் தேறியாக வேண்டும்.
சிங்கப்பூர்: 12 மாதங்களுக்கு மேல் தங்குவோர் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேறி உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.
பிரித்தானியா: குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் இந்திய உரிமத்துடன் ஓட்டலாம். அதன்பின் தற்காலிக உரிமம் பெற்று, எழுத்து, ஓட்டுதல் தேர்வுகளை எழுத வேண்டும்.
அமெரிக்கா: மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். கலிபோர்னியாவில் நிலையாகக் குடியேறியவர் 10 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.
கனடா: தமிழர் மிகுந்து வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் 60 நாட்கள் தரப்படுகின்றன.

மதுரையில் பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவரும் இத்தேர்வுகளில் தவறுவதுண்டு. வண்டியைக் கையாளத் தெரியாதது மட்டும் இதற்குக் காரணமன்று. தடம் மாறும்முன் தோளுக்குப் பின் திரும்பிப் பார்த்தல், நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுதாக நிற்றல், பாதசாரிக்கு வழிவிடுதல் போன்றவற்றைத் தேர்வாளர் கூர்ந்து கவனிப்பார்.

வாங்குதலும் காப்பீடும்

சிங்கப்பூரில் மகிழுந்து வைத்திருக்கத் தகுதிச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும். 1990இல் தொடங்கிய இம்முறையில் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 2023இல் பெரிய மகிழுந்துகளுக்கான சான்றிதழின் விலை 1,50,000 வெள்ளியைத் தொட்டது. வண்டியின் விலை இதற்கு மேல் தனி.

அமீரகத்தில் வண்டியின் பதிவு அட்டை 'முல்கியா' எனப்படுகிறது. காப்பீடு இன்றி அதைப் பெறவோ புதுப்பிக்கவோ முடியாது. கடனில் வாங்கியவர் வேலை இழந்தால், தவணையை முடிக்காமல் நாடு திரும்புவது சிக்கலாகலாம். கடன் வழக்கில் பயணத் தடை விதிக்கவும் இடமுண்டு.

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் காப்பீட்டுக் கட்டணம் ஓட்டுநரின் முன்வரலாற்றைப் பொறுத்தது. இந்திய அனுபவத்தைப் பல நிறுவனங்கள் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே புதிதாக வந்தவர் தொடக்க ஆண்டுகளில் கூடுதலாகச் செலுத்த நேரிடும். வண்டி வாங்குமுன் காப்பீட்டுக் கட்டணத்தைக் கேட்டறிவது நல்லது.

சாலை வழக்கங்கள்

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, பிரித்தானியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இந்தியாவைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டப்படுகிறது. வளைகுடா நாடுகள், அமெரிக்கா, கனடா, ஜெர்மனி ஆகியவற்றில் வலப்பக்கம். பக்கம் மாறியவர் தவறுவது பெரும்பாலும் ஆளில்லாச் சாலையிலும் திருப்பத்திலுமே. முன்னால் வேறு வண்டி இல்லாதபோது பழைய பழக்கம் மேலோங்கிவிடும்.

மதுரை மாட்டுத்தாவணிச் சந்திப்பிலோ சிம்மக்கல்லிலோ ஒலிப்பான், 'நான் வருகிறேன்' என்னும் அறிவிப்பு. பல நாடுகளில் அது கண்டிப்பாகவே கொள்ளப்படும். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசை வண்டிகளும் பொதுவாக நிற்க வேண்டும்.

நாடு திரும்புதல்

இந்திய உரிமம் காலாவதியான ஓராண்டுக்குள் புதுப்பிக்காவிட்டால் மீண்டும் ஓட்டுதல் தேர்வுக்கு உட்பட வேண்டும். நெடுநாள் வெளிநாட்டில் இருப்போர் ஊருக்கு விடுமுறையில் வரும்போது முடிவு நாளைச் சரிபார்த்துக்கொள்ளலாம். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்க இயலும்.

பயன்படுத்திய மகிழுந்தை இந்தியாவுக்குக் கொண்டுவருவதிலும் கட்டுப்பாடுகள் உள்ளன. அது தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாகவும், திசைமாற்றி வலப்பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். எனவே வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ ஓட்டிய வண்டியை அங்கேயே விற்றுவிட்டு வருவதே வழக்கம்.