வாழப்போகிறவரே கையெழுத்துப் போடட்டும்

கட்டண முதியோர் இல்லத்தில் சேர்க்கைப் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் மகனோ மகளோதான். முன்பணம் எவ்வளவு, மாதக் கட்டணத்தை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், உடம்புக்கு முடியாமல் போனால் யாருக்கு போன் செய்வது என்பதெல்லாம் அவர்களிடமே பேசி முடிக்கப்படுகிறது. அங்கே வாழப்போகிற அம்மாவின் ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் கோப்பில் இருக்கும், கையெழுத்து இருக்காது. இருந்தாலும், விதிமுறைகளுக்குக் கட்டுப்படுவதாகச் சொல்லும் ஒற்றை வரிக்குக் கீழேதான் இருக்கும். இல்லங்களில் நடக்கும் குறைகளைப் பேசும்போது ஆயாக்களின் கடுமையையும் நிர்வாகிகளின் பேராசையையும் சொல்கிறோம். அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ஆனால் நல்ல மனம் படைத்தவர்கள் நடத்தும் இல்லத்திலும் அதே குறைகள் தலைகாட்டுகின்றன. பணம் கட்டுகிறவர் ஒருவர், வாழ்கிறவர் இன்னொருவர் என்பதே அதற்குக் காரணம். இல்லம் பதில் சொல்வது பணம் கட்டுகிறவருக்கு. இந்த இடைவெளியை அடைக்காமல் கண்காணிப்பை எவ்வளவு கூட்டினாலும் பலன் குறைவு என்பது என் வாதம்.

இது ஏதோ சில குடும்பங்களின் கவலை என்று ஒதுக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதை எட்டியவர்கள் ஏறத்தாழ 10.4 கோடி. 2021-க்கான அரசு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அந்த வயதினர்; பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், அவர்களும் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ என்றாகிவிட்ட காலத்தில், இல்லத்துக்குப் போவதையே கைவிடப்படுவதாகப் பார்ப்பது நியாயமில்லை. கோவையைச் சுற்றி எழுந்திருக்கும் முதியோர் குடியிருப்புகளுக்குத் தாங்களே விரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போன பிறகு அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

உள்ளே ஒரு நாள் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். இரவு ஷிப்டு ஆயா காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால், படுக்கையில் இருப்பவர்களைத் துடைத்து உடை மாற்றும் வேலை நான்கரைக்கே, இருட்டோடு தொடங்கிவிடும். சமையல்காரர் நேரத்தோடு வீடு திரும்ப வேண்டும் என்பதால் இரவுச் சாப்பாடு ஆறரைக்கே வந்துவிடும். அதற்குப் பிறகு வயிற்றுக்குள் போவது மறுநாள் காலைக் காபிதான். இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கு அவ்வளவு நீண்ட இடைவெளியில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் அபாயம் உண்டு. ஈரமானதும் டயபரை மாற்றாமல், நாளைக்கு இத்தனை என்று கணக்கு வைத்தாலோ, புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லாமல் போனாலோ, இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். இரவில் எழுந்து நடமாடுகிறவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் கூடம் அமைதியாகிவிடும். அந்தத் தள்ளாட்டத்தோடு கழிவறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வயதாகிவிட்டது, அப்படித்தான் ஆகும் என்று பேச்சு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகன் பார்ப்பது சீவி முடித்த தலையும் துவைத்த புடவையும். அவருக்குத் தெரிய வேண்டியதை இல்லம் ஒழுங்காகவே செய்கிறது. மற்றதை அவரும் கேட்பதில்லை, அம்மாவும் சொல்வதில்லை.

பத்திரமாக இருக்கட்டும் என்ற பெயரில் கைபேசியும் பாஸ்புக்கும் ஏடிஎம் அட்டையும் அலுவலக அலமாரிக்குப் போய்விடுவது இன்னும் கவலைக்குரியது. ஓய்வூதியமோ, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையோ வரும் கணக்கை இன்னொருவர் கையாளும்போது, தன் பணம் எதற்குச் செலவாகிறது என்றே அவருக்குத் தெரியாமல் போகிறது. கைபேசி போனாலோ வெளியுலகத்தோடு இருந்த ஒரே நேரடித் தொடர்பும் போகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் பிள்ளைகளின் கடமையை விரிவாகவே பேசுகிறது. இல்லங்களைப் பற்றி அது சொல்வது சொற்பம். ஏழை முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றேனும், குறைந்தது 150 பேர் தங்கும்படியான இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது 19-வது பிரிவு. தனியார் இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. நிறைவேறாமலேயே அந்த மக்களவையின் காலத்தோடு காலாவதியாகிவிட்டது. தமிழ்நாட்டில், முதியோர் இல்லங்கள் மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆட்சியர்கள் அறிவிப்பு வெளியிட்டு வருகிறார்கள். ஆகவே முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவுச் சான்றை. ஆனால் சான்று ஒன்றே போதாது. அறை எத்தனை சதுர அடி, கழிவறை எத்தனை என்று அது சொல்லும். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சொல்லாது.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஆதரவற்றோர் காப்பகம் ஒன்றில் நடந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகள் வெளியே வந்தபோது தமிழகமே அதிர்ந்தது. உரிய அனுமதியில்லாமல் நடந்த இடம் அது. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. அங்கே சேர்க்கப்பட்ட ஒருவர் எங்கே என்று உறவினர் விடாமல் கேட்டதும், அது ஆட்கொணர்வு மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போனதும்தான் கதவைத் திறந்தன. கேட்க ஆள் இருந்தவரால் மற்றவர்களும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். கேட்க ஆள் இல்லாதவர்களுக்கு யார் குரல் கொடுப்பது என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை.

பணமும் ஆய்வாளர்களும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். இல்லங்களுக்கு அரசே பெருந்தொகை கொடுத்து, தர ஆய்வும் நடத்திய நாடு அது. 2018-ல் அங்கே அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் மறு ஆண்டு தன் இடைக்கால அறிக்கைக்குப் புறக்கணிப்பு என்றே பெயர் வைத்தது. 2021 மார்ச்சில் வெளியான இறுதி அறிக்கை, இல்லம் நடத்துகிறவர்களையும் அவர்களுக்கான நிதியையும் மையமாக வைத்த 1997 சட்டத்தை மாற்றிவிட்டு, முதியவரின் உரிமைகளை மையமாக வைத்துப் புதிய சட்டம் எழுதச் சொன்னது. அந்தப் புதிய சட்டம் உரிமைப் பட்டியலோடு 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆய்வுகள் நடந்தும் கண்ணில் படாதவை அந்த நாட்டில் முதியவர்களே பேசியபோதுதான் தெரிந்தன.

நம்மிடம் அப்படி ஒரு சட்டம் வரும்வரை ஒப்பந்தமே துணை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு நல்ல பிடியைத் தருகிறது: பணம் கொடுத்துச் சேவையை அமர்த்துகிறவர் மட்டுமல்லாமல், அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையை அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான். மகன் கட்டிய பணமானாலும் அம்மா தன் பெயரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தான் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் குறைபாடு என்று காட்ட, தருவதாகச் சொன்னது என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம், இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயா, மாத்திரை கொடுத்ததற்குக் கையொப்பமிட்ட குறிப்பேடு, டயபருக்கும் ஆம்புலன்ஸுக்கும் தனிக் கட்டணமா, கட்டணம் உயர்ந்தால் எவ்வளவு முன்னதாகச் சொல்வார்கள், விலகினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், பார்வையாளர் எந்த நேரமும் வரலாமா என்பவையெல்லாம் அதில் வரட்டும். தூக்க மாத்திரை மருத்துவர் சீட்டில்லாமல் கிடையாது, கட்டிவைப்பதும் அறையைப் பூட்டுவதும் கிடையாது என்று தனியாகவே எழுதி வாங்க வேண்டும். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாதவரைப் பராமரிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு வேண்டுமென்றே கைவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 357-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அங்கும் ஒப்பந்தம்தான் அடிப்படை.

நினைவு தப்பிய அப்பாவிடம் ஒப்பந்தத்தை நீட்டி என்ன பயன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்பணக் கணக்கு அவருக்குப் புரியாமல் போகலாம். வெந்நீரில் குளிக்க வேண்டும், தயிர் சாதம் வேண்டும், இன்ன தங்கை வந்தால் விட வேண்டும் என்பதை டிமென்ஷியாவின் நடுக்கட்டத்தில் இருப்பவர்கள்கூடச் சொல்ல முடியும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனை நோயின் பெயரை வைத்துத் தீர்மானிப்பதில்லை. சொல்வதை அவர் புரிந்துகொள்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது, எளிய சொற்களிலும் சைகையிலும் படம் காட்டியும் விளக்கச் சொல்கிறது. இல்லத்தின் படிவத்துக்கும் அதே அளவுகோல் பொருந்தும். உண்மையிலேயே முடியாத நிலை என்றால், பணம் கட்டுகிறவர் அல்லாத இன்னொருவர், ஒரு நெருங்கிய நண்பரோ உடன்பிறந்தவரோ, அவர் சார்பில் கேள்வி கேட்கும் உரிமையோடு ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

தர்மத்துக்கு நடத்துகிற இடத்தில் ஒப்பந்தம் கேட்பது நன்றிகெட்ட செயல் என்பது அடுத்த மறுப்பு. இலவச இல்லங்களின் சேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அவை இல்லாவிட்டால் தெருவில் கிடந்திருப்பவர்கள் பலர். ஆயினும் கொடுக்கிறவருக்கே பதில் சொல்லும் பழக்கம் இங்கேதான் இன்னும் கூடுதல். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் அன்னதானம் கொடுக்க வருகிறவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கும் சேர்த்தே ஜாங்கிரி வைக்கிறார்கள். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள் அவர்களைக் கேட்காமலே அன்று மாலை முகநூலுக்குப் போகின்றன. படம் எடுக்கலாமா என்று கேட்பதற்கும், வாரத்தின் உணவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதற்கும் பணம் செலவாகாது. இலவசச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பதால், இங்கே முறையீடு மாவட்ட சமூக நல அலுவலருக்கும் ஆட்சியருக்கும் போக வேண்டும். சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு; பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

உரிமை இருந்தாலும் முதியவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள் என்பது எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. இன்று குறை சொன்னால் நாளை வெந்நீர் வராது என்ற பயம் கற்பனை இல்லை. அதனால்தான் கைபேசி அவர் கையிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணுக்கு அலுவலக மேசையிலிருந்து யாரும் பேச முடியாது. பிள்ளைகளும் சொல்லாமல் கொள்ளாமல், சாப்பாட்டு வேளையில் போய்ப் பார்க்க வேண்டும். குதிகாலையும் முதுகையும் பார்க்க வேண்டும்.

கட்டணமே நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட பிள்ளை சில மாதங்களில் இல்லத்துக்குப் பணம் அனுப்புவதை நிறுத்துவது நடக்கிறது. கடைசிவரை பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் 2007 சட்டத்தின் 23-வது பிரிவின்கீழ் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியவர்களுக்குச் சாதகமாகவே இச்சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. வம்பே வேண்டாம் என்றால் தான செட்டில்மென்ட் பத்திரத்திலேயே நிபந்தனையை எழுதிவிடுவது நல்லது. மாதப் பணத்துக்கு, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நேரிலேயே மனு கொடுக்கலாம். நடக்க முடியாதவருக்காக அவர் அனுமதித்த நபரோ அமைப்போ கொடுக்கலாம். அறிவிப்பு சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். உச்சவரம்பு இன்னும் மாதம் 10,000 ரூபாய்தான். பல கட்டண இல்லங்களுக்கு இது போதாது, அதை நீக்கவிருந்த 2019 மசோதாவும் காலாவதியானதுதான். வரம்புக்குள் முழுத் தொகையும் கிடைக்க, மனுவோடு இல்லத்தின் ஒப்பந்த நகலையும் ரசீதுகளையும் இணைத்துவிட்டால், மாதம் எவ்வளவு ஆகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படாது.