சக்கைக்குள்ளும் சர்க்கரை

கரும்பைக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புகிறோம். இனிப்பெல்லாம் போய்விட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்த நாரில் பெரும்பங்கு சர்க்கரையால் ஆனதுதான்! குளுக்கோஸ் என்ற சர்க்கரையின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் மணிமாலைபோல் கோத்துக்கொண்டால் அதற்குப் பெயர் செல்லுலோஸ். அது நம் நாக்குக்கு இனிக்காது, நம் வயிற்றுக்குச் செரிக்காது. ஆனால், இலைகள் வெயிலிலிருந்து பிடித்த ஆற்றல் அதற்குள் அப்படியே இருக்கிறது.

தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் அறுவடை முடிந்த நிலங்களைப் பாருங்கள். கேழ்வரகுத் தாள், கடலைக்கொடி, கரும்புச் சோகை, தென்னை மட்டை என்று என்னென்னவோ கிடக்கும். இத்தனையையும் எரிபொருளாக்கிவிடலாமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இதில் எதை யார் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

கேழ்வரகுத் தாளும் கடலைக்கொடியும் மாட்டுத் தீவனம். பசுவின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செல்லுலோஸை உடைத்துக் கொடுப்பதால்தான் வெறும் தாளைத் தின்று அது பால் கறக்கிறது. அதன் வாயிலிருந்து பிடுங்கி மின்சாரம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாடு தின்று முடித்த பிறகும் சாணத்தில் ஆற்றல் மிச்சம் இருக்கிறது. காற்றுப் புகாத கலனில் சாணத்தைக் கரைத்து ஊற்றினால் வேறு வகை நுண்ணுயிர்கள் அதிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். அதைக் குழாய் வழியே கொண்டுவந்து அடுப்பெரிக்கலாம். கலனிலிருந்து வழியும் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கும். அது வயலுக்குப் போகும்.

இனி கரும்புக்கு வருவோம். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்திலுள்ள பாலக்கோட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 300 கிலோ சக்கை வரும். அதை எரித்துக் கொதிகலனில் நீராவி உண்டாக்குவார்கள். நீராவி விசையாழியைச் சுழற்றும், மின்சாரம் பிறக்கும்; மிஞ்சும் சூட்டில் சாறு காயும். இணை மின்உற்பத்தி வசதியுள்ள சர்க்கரை ஆலைகள் தங்கள் தேவைபோக மீதி மின்சாரத்தை வெளியே விற்கின்றன. வெல்லம் காய்ச்சுபவர்களும் காலங்காலமாகச் சக்கையைத்தான் எரிக்கிறார்கள். கொப்பரையில் கொதிப்பது சாறு, அடியில் எரிவது அதே கரும்பின் காய்ந்த சக்கை. விறகுக்காக மரம் வெட்ட வேண்டியதில்லை, எவ்வளவு அழகான ஏற்பாடு!

புகை வராதா? வரும். கரியமில வாயுவும் வரும். ஆனால் அது அந்தக் கரும்பு வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். அடுத்த பயிர் அதை மறுபடி எடுத்துக்கொள்ளும். நிலக்கரி அப்படியல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த கார்பனைப் புதிதாகக் காற்றில் சேர்க்கிறது.

சக்கைக்கு இன்னொரு போட்டியும் உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதல் அதிலிருந்து காகிதம் செய்கிறது. உங்கள் நோட்டுப் புத்தகம் ஒருகாலத்தில் கரும்பாக இருந்திருக்கலாம்!

பஞ்சாப், அரியானாவில் கதை வேறு. நெல் அறுத்த சில வாரங்களில் கோதுமை விதைக்க வேண்டும். அவசரத்தில் பலர் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அந்தப் புகையில் டெல்லிப் பிள்ளைகள் மூச்சுத் திணறுகிறார்கள். இதற்கு ஒரு மாற்றுவழியாக அரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் கட்டிய ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் இலக்கு. வேலை எளிதல்ல. செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்ற கெட்டியான பொருள் கவசமாக நிற்கிறது. முதலில் அதைத் தளர்த்த வேண்டும். பிறகு நொதிகள் குளுக்கோஸைத் தனித்தனியாக வெட்டிவிடும். அதை ஈஸ்ட் தின்று எத்தனாலாக்கும்.

சக்கையை எரிக்கும் சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு உள்ள ஒரு தொல்லையை நீங்களே அளந்து பார்க்கலாம். கரும்புச்சாறு கடையில் ஒரு கை சக்கை கேட்டு வாங்குங்கள். எடை போட்டுக் குறித்துக்கொண்டு வெயிலில் காயவையுங்கள். மொறமொறப்பானதும் மறுபடி எடை போடுங்கள். குறைந்ததெல்லாம் தண்ணீர். ஆலையில் பிழிந்த சக்கையிலும் ஏறக்குறைய பாதி ஈரம்தான். எரிகிற தீயில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.